சூசைநாதனின் பழுதில்லாத நெஞ்சு

என் தாய்மாமன் சூசைநாதன் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாகத் தொங்கின. ஒன்று இயேசுவின் திருஇருதயம். மற்றது சட்டம் போட்ட எக்ஸ்ரே படம். முதல் படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமென்றால் கத்தரின் அத்தை அதைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவார். வந்தவர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதையைத்தான் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயின் மூலையில் மாமாவின் பெயரும் 1981 என்ற ஆண்டும் இருந்தன. ஐந்து வருடம் கல் தூசிக்குள் நின்ற மனிதனின் நெஞ்சு இவ்வளவு தெளிவாக இருப்பது அற்புதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அற்புதம் ஒன்றுமில்லை. அது என் நெஞ்சு.

மாமா பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால்மரம் சீவியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, 1976இல் ஈப்போவுக்கு வெளியே ஒரு கருங்கல் குவாரியில் சேர்ந்தார். புந்தோங்கில் வீடு. லோரி கொண்டுவந்து கொட்டும் கல்லை மிசினின் வாய்க்குள் தள்ளிவிடுவது அவர் வேலை. கல் உள்ளே போகும், சல்லியாக வெளியே வரும், மிச்சம் காற்றில் நிற்கும். அந்த மிச்சத்துக்குள் மாமாவும் இன்னும் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். சாயந்தரம் புருவம், மயிர், காது மடல் எல்லாம் வெளுத்துப்போய் அவர் வீடு திரும்பும்போது அத்தை வாசலிலேயே சொல்வார்: “நான் கட்டுனது என்னமோ கருத்த மாப்பிள்ளையத்தான். பொழுது சாஞ்சா ஒரு வெள்ளக்காரன்ல வாரான்.”

தூசி கெடுதல் என்று இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நான் படித்துவிட்டு வந்து சொல்வதற்கு வெகு முன்பே தெரியும். அதற்கு என்ன செய்வது என்பதில்தான் கொட்டகை மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தது. சல்லி அள்ளும் செல்லாயியின் கட்சி, கூலா மலாக்கா வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்தது. தூசி இனிப்பில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், நெஞ்சுக்குப் போகாது. மாமாவின் கூட்டாளி பத்துமலையின் கட்சி வாழைப்பழக் கட்சி. வேலை முடிந்ததும் வெறும் வயிற்றில் மூன்று பழம். உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது கள்ளுக் கட்சி. அதற்குத் தலைவர் தேவைப்படவில்லை.

மாமா முதலில் மூன்றிலும் உறுப்பினர். பிறகு ஒரு சீன லோரி டிரைவர் அவருக்கு நான்காவதைச் சொல்லிக்கொடுத்தார்: பன்றி ரத்தத்தைக் கட்டியாக உறையவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு வைக்கும் சூப்பு. ரத்தம் உறையும்போது எதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாம். அப்படியே தூசியையும் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுமாம். மாமாவுக்கு இது பிடித்துப்போயிற்று. இடைஞ்சல் தவக்காலத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது. ரத்தம் இறைச்சியா என்று கேட்கக் கோயிலுக்கே போய்விட்டார்.

பங்குச் சாமியார் யோசித்தார். “அது மருந்தா, சாப்பாடா, சூசை?”

“மருந்துதான் சாமி. ஆனா ருசியா இருக்கு.”

“அப்படின்னா வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுடு.”

“தூசி வெள்ளிக்கிழமை லீவு எடுக்க மாட்டேங்குதே சாமி.”

இதற்கிடையில் குவாரிக்கு யாரோ ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனதால், ஆபீசில் இரண்டு பெட்டி மூக்குத்துணி வாங்கிப் போட்டார்கள். காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடும் தடித்த வெள்ளைத் துணி. ஒரு வாரம் எல்லோரும் கட்டினார்கள். பிறகு ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராமையாதான் முதலில் கழற்றினார். துணி கட்டினால் வெற்றிலை போட முடியாது, சிகரெட் பிடிக்க முடியாது, கத்த முடியாது. கத்த முடியாத மண்டோரை யார் மண்டோர் என்பார்கள்? இரண்டாவது வாரம் துணி கழுத்துக்கு இறங்கியது. மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போய்விட்டது. சந்தான் வடிகட்ட இதைவிட நல்ல துணி கிடையாது என்று அத்தை கண்டுபிடித்தார். அந்த வீட்டுத் தேங்காய்ப் பாலில் ஒரு திப்பிகூட யார் தொண்டையிலும் சிக்கியதில்லை.

“துணிய கட்டலாமே மாமா,” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“தூசிய வெளியவே நிறுத்திட்டா அப்புறம் மருந்து எதுக்குலா?” என்றார். அவர் அதைத் துணிக்கு எதிரான வாதமாகத்தான் சொன்னார்.

1981இல், நான் பினாங்கில் இரசாயனம் முதலாண்டு முடித்து நீண்ட விடுமுறைக்கு வந்திருந்தேன். மாமாவுக்கு இரண்டு மாதமாக இருமல். அந்த நேரம் பார்த்து, எல்லோரும் டவுனில் கம்பெனி டாக்டரிடம் போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். படத்தில் கறை இருந்தால் வேலை போய்விடும் என்று கொட்டகையில் பேச்சு. மூன்று கட்சிகளும் சண்டையை நிறுத்திக்கொண்டு ஒன்றின் மருந்தை ஒன்று சாப்பிட்டன. மாமா பதினான்கு நாள் காலை மாலை சூப்பு குடித்தார். இருமல் அடங்கவில்லை.

படம் எடுப்பதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

“மாப்ளே, சட்டைய கழட்டு.”

கழற்றினேன். கசாப்புக் கடையில் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார்.

“சிகரெட் கிகரெட் உண்டா?”

“இல்ல மாமா.”

“நாளைக்கு இந்த நெஞ்ச எனக்கு ஒரு நிமிசம் குடுலா.”

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாசம் என்று எழுதிவிட்டுப் போகலாம். அது பாதிதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனதிலிருந்து யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை; நாற்காலி போட்டார்கள், தே கலக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். முதன்முதலாக ஒருவர் உதவி கேட்டார். அவர் கேட்டது என் படிப்பை அல்ல, நுரையீரலை. அதையாவது கொடுக்க முடிந்ததே என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

மறுநாள் பல்வலி என்று சொல்லி, மற்றவர்களை டவுனுக்கு ஏற்றிப்போன லோரியில் மாமா ஏறவில்லை. சாயந்தரம் வேலை விட்டதும் சைக்கிளில் போய்ப் படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாயந்தரம் சைக்கிளில் போனது நான். அடையாளக் கார்டில் இருந்த படம் அவருடைய இளவயதுப் படம். கிட்டத்தட்ட என் சாயல்தான். மிச்ச வித்தியாசத்துக்கு அவரே வழி செய்தார். பால் டின் ஒன்றில் கல் தூளைக் கொண்டுவந்து என் முகத்திலும் முடியிலும் பூசினார். “இப்ப ஒன்ன ஒங்கம்மாவுக்கே தெரியாது,” என்றார். எந்தத் தூசியைக் கண்டு அவர் பயந்தாரோ அதுதான் என்னை மறைத்தது. கிளினிக்கில் இருந்த பெண் நான் நீட்டிய கார்டைத் தொடக்கூட விரும்பவில்லை. குளிர்ந்த பலகையில் நெஞ்சை அழுத்தச் சொல்லி, “தாரேக் நாஃபாஸ்... தாஹான்,” என்றார். மூச்சை இழுத்தேன். பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கொட்டகையில் நின்று முடிவைப் படித்தார். ஆறு பேருக்குக் கறை. அதில் பத்துமலை ஒருவர். யாருக்கும் வேலை போகாது, வெளி கேட்டில் காவல், தண்ணீர்த் தொட்டி என்று தூசியில்லாத வேலைக்கு மாற்றுவார்கள் என்றார். ஓவர்டைம் மட்டும் கிடையாது. பேச்செல்லாம் வதந்தி என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமா தன் நெஞ்சோடு தானே போயிருந்தால் அன்றைக்கே கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய முடிவைப் படிக்கும்போது கிராணி கொஞ்சம் நிறுத்தினாராம். “சூசைநாதன், ரொம்பச் சுத்தம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்துமலைதான் கேட்டார்: “அண்ணே, நாமெல்லாம் ஒரே எடத்துலதான நின்னோம். நீங்க என்னாத்த சாப்புட்டீங்க?”

“என்னா சொல்றது?” என்று மாமா அன்றிரவே என்னிடம் புலம்பினார். “ஒம் பேரச் சொல்லவா? வாயில வந்தது சூப்பு.”

பத்துமலை, பெயருக்கேற்ற முருகன் பக்தர். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதற்காகப் பத்து வயதிலிருந்து இறைச்சி தொடாதவர். அந்த மனிதர் விரதத்தை விட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பன்றி ரத்த சூப்பு குடிக்கத் தொடங்கினார். கேட் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “கேட்டுல சும்மா ஒக்காந்தா நெஞ்சு சரியாவுமா? அண்ணன் மிசின் வாயில நின்னே சரியாக்கிட்டாரு.”

மாமா தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொட்டகையில் அவருக்கு ‘டாக்டர் சூசை’ என்று பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேறு குவாரி ஆட்கள்கூட வீட்டுக்கு வந்தார்கள். கிராணியிடம் கெஞ்சிப் படத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியது அப்போதுதான். முதல் வருடம் படத்தைக் காட்டும்போது என் பக்கம் பார்க்காமல் காட்டினார். இரண்டாம் வருடம் என்னைப் பார்த்தே காட்டினார். ஒருநாள் தனியாக, “மாமா, அது என் நெஞ்சு,” என்று நினைவூட்டினேன்.

“நீயும் எங்க வீட்டு சூப்பு குடிச்சவன்தானலா?” என்றார்.

1984இல் பட்டம் வாங்கினேன். அங்கி போட்ட என் படத்தையும் அத்தை அந்தச் சுவரிலேயே மாட்டினார். மூன்று படங்களில் இரண்டு நான், என் பெயர் ஒன்றில்தான்.

வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களில், படிப்புக்கு ஏதாவது பயன் வேண்டாமா என்று ஒரு மதியம் குவாரிக் கொட்டகைக்குப் போனேன். சாக்கட்டியால் தகரத்தில் நுரையீரல் வரைந்து காட்டினேன். சாப்பிடுவது போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு. பழமும் வெல்லமும் சூப்பும் நெஞ்சுக்குப் போகாது. உள்ளே போய்ப் படிந்த கல் தூசியை எந்த மருந்தும் வெளியே எடுக்காது. போகாமல் தடுப்பதுதான் வழி. நன்றாகத்தான் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள்.

கடைசியில் செல்லாயி சொன்னார்: “தம்பி படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒங்க மாமா நெஞ்சப் பாத்தீங்களா தம்பி? கண்ணாடி மாதிரி இருக்கு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். என் படிப்பை என் நெஞ்சே தோற்கடித்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் மாமாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கோயில் வாசலிலிருந்து பெஞ்சுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். பூசைப் பாட்டில் பாதி வரியை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்தார். கடைசியில் ஆபீசுக்குப் போய்க் கேட் வேலை கேட்டார்.

மண்டோர் ராமையா சிரித்துவிட்டார். “ஒங்களுக்கா? இந்தக் குவாரியிலேயே ஒங்க நெஞ்சுதான்லா சுத்தம். கிராணி பைல்ல இருக்கு. சூப்ப கூட ரெண்டு மங்கு குடிங்க.”

நான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புதுப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். பழைய படம் ஏதாவது இருக்கிறதா, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மறுமுறை போகும்போது அத்தை திருஇருதயத்துக்குப் பக்கத்திலிருந்து அதைக் கழற்றி, சட்டத்தோடு துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் இரண்டையும் விளக்குப் பலகையில் வைத்தார். புதுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், யாரோ கல் தூளைத் தூவிவிட்டதுபோல. பழையது தெளிவு. ஆனால் அவர் நுரையீரலைப் பார்க்கவில்லை. பழைய படத்தில் இடது காறை எலும்பை விரலால் தொட்டார். அங்கே ஒரு முடிச்சு. எப்போதோ உடைந்து கூடிய எலும்பு. புதுப் படத்தில் அந்த எலும்பு நேராக இருந்தது.

பன்னிரண்டு வயதில் நான் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தபோது உடைந்தது. என் கை தானாகவே என் சட்டைக் காலருக்குப் போய்விட்டது. டாக்டர் அதையும் பார்த்தார்.

விளக்குப் பலகையை அணைத்தார். பிறகு மாமாவிடம் மலாயில் கேட்டார்: “இந்தப் பழைய படத்துக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்?”

“நல்லா இருக்கான் டாக்டர்,” என்றார் மாமா. “பட்டம் வாங்கிட்டான்.”

அந்த அம்மா பழைய படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுப் படத்தைப் பற்றி மட்டும் குவாரிக்குக் கடிதம் எழுதினார். இந்த ஆள் இனிமேல் தூசிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. போனது திரும்பாது, மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரு வாரத்தில் கேட் வேலை கிடைத்தது.

முதல் நாள் சாயந்தரம் மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பத்துமலை இருமிக்கொண்டே கொட்டகைக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் பத்துமலைக்கென்று போட்ட நாற்காலி. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. சூப்பை அத்தை தூக்கிக் கொல்லையில் ஊற்றினார். “அவன் நெஞ்சுக்கு என்னமாச்சும் ஆனா நான் எந்தச் சாமியாருக்கிட்ட போயிச் சொல்றது?” என்றார்.

மறுநாள் தே குடிக்கும் நேரத்துக்கு என்னையும் வரச்சொன்னார். இரண்டு படத்தையும் கொண்டுபோய், கொட்டகையில் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார்: படம் என்னுடையது, சூப்பு பொய், பல்வலி பொய். என்னைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி எலும்பு முடிச்சைக் காட்டினார்.

செல்லாயி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். “முந்தி முடிச்சு இருந்துச்சு. இப்ப இல்ல. அப்படின்னா அந்த சூப்பு ஒடஞ்ச எலும்பையே கரச்சிருச்சே அண்ணே!”

யாரோ கை தட்டினார்கள்.

பத்துமலை அதில் சேரவில்லை. மாமா சொன்னதை அவராவது நம்பிவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, நான் முருகனுக்குக் குடுத்த வாக்க ஒடச்சிக் குடிச்சேன். அது பொய்யின்னா நான் எதுக்குக் குடிச்சேன்? நீங்க கேட்டுக்குப் போனதும் சூப்ப விட்டுட்டீங்க. அதான் ஒங்களுக்கு மூச்சு முட்டுது. போயிக் குடிங்க.”

மாமா என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்ததெல்லாம் சாக்கட்டிதான்.

மாமா வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் தொட்டியில் வளர்ந்திருந்த கற்பூரவள்ளியைப் பார்த்து நின்றார். பிறகு உள்ளே போய், அத்தை சந்தான் வடிகட்டும் துணியைக் கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை கேட்டில், வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் டாக்டர் சூசை நிறுத்தினார். அவருக்கே ஒரு வெள்ளைத் துணி மூக்கில் கட்டியிருந்தது. சூப்பு பழசாகிவிட்டது, இது புது மருந்து என்றார். கற்பூரவள்ளி இலை ஒன்றைக் கசக்கித் துணிக்குள் வைத்துக் கட்ட வேண்டும். வாடை நேரே நெஞ்சுக்குப் போகும். மிசின் ஓடும்வரை அவிழ்க்கக் கூடாது. ஒருதடவை அவிழ்த்தாலும் அன்றைக்கு மருந்து பலிக்காது. சாயந்தரம் துணியைத் துவைக்க வேண்டும். இலையை மறுநாள் மாற்ற வேண்டும். பத்துமலையிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: “இது சைவ மருந்து தம்பி. இதக் கட்டுறவன் சூப்பு குடிச்சா ரெண்டும் முறிஞ்சிரும்.”

பத்துமலை துணியை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டினார். அந்த வாரம் ஆபீசில் இரண்டாவது பெட்டியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ராமையாகூடக் கட்டினார், அவர் கத்துவது பாதிதான் கேட்கிறது என்று செல்லாயி அதை மருந்தின் பலன்களில் சேர்த்துக்கொண்டார்.

அந்த இலை தூசிக்கு ஒன்றும் செய்யாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலைக்காகக் கழன்ற துணி ஒரு பொய்யால் திரும்ப ஏறியிருக்கிறது. இதில் நான் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “மாமா, அந்தத் துணி பெரிய தூசியத்தான் நிறுத்தும். பொடித் தூசி உள்ள போவும். அதுதான் ஆபத்து. நல்ல மூக்குமூடி வாங்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்ல.”

மாமா மூச்சை இழுத்துக்கொண்டு யோசித்தார்.

“பதில் வர்ற வரைக்கும் ரெண்டு துணி கட்டுனா?”

“கொஞ்சம் நல்லதுதான்.”

அப்போது பத்துமலை லோரியிலிருந்து இறங்கி வந்தார். மாமா கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, இன்னையிலேருந்து இலை ரெண்டு. ஒரு துணியில ரெண்டு இலைய வைக்கக் கூடாது, சண்ட போட்டுக்கும். இலைக்கு ஒரு துணி. எல்லாருக்கும் சொல்லிரு.”

“சரிண்ணே,” என்றார் பத்துமலை. என் பக்கம் திரும்பி, “தம்பி, இதெல்லாம் படிச்சு வர்றதில்ல,” என்றார்.